டிராக்டர் கை தூக்க மறுத்தால்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு டிராக்டர் புதிதல்ல. பெரட்டு முடிந்ததும் ஆட்களை ஏற்றிச் சென்றதும், மாலையில் செம்பனைக் குலைகளை இழுத்து வந்ததும் அதுதான். 1960களின் நடுவில் வெளிவந்த மாஸி பெர்குசன் 135 ரக வண்டிகளில் சில இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வயதானவருக்கு மூட்டுவலி வருவதுபோல, இந்த வண்டிகளுக்கு வருவது ஹைட்ராலிக் கோளாறு. பின்னால் இருக்கும் இரண்டு கைகளும் சுமையைத் தூக்கா, தூக்கினாலும் நில்லா.

அப்படி நின்றுபோன ஒரு வண்டியை நாங்கள் பார்த்தோம். "பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாரோ சொல்ல, அந்தக் குடும்பம் நகையை அடகு வைக்கத் துணிந்துவிட்டது. பம்பில் ஒரு குறையும் இல்லை. பி.டி.ஓ. நெம்புகோல் மட்டும் போடப்படாமல் இருந்தது! ஆகவே, செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்போம். செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பு பின்பக்கக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. பி.டி.ஓ. தண்டுதான் அதைச் சுழற்றுகிறது. இடப்பக்கம் உள்ள நெம்புகோல் நடுநிலையில் இருந்தால் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் பம்பு ஓடாது. முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைகளைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு அளவுகோலை எடுத்துப் பாருங்கள். கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே எண்ணெய்தான். குறைந்திருந்தால், வண்டியின் கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கியர்க் கம்பியின் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் அந்த வழியாக இறங்கிவிடும். உறையை மாற்றி, பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, எண்ணெய் உறிஞ்சும் இடத்துச் சல்லடையையும் கழுவ வேண்டும்.

மூன்றாவது, வண்டி பல மாதம் சும்மா நின்றிருந்தால், எண்ணெயை உள்ளே விடும் கட்டுப்பாட்டு வால்வு இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அது தாராளமாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்து அசைத்துவிட்டாலே பல வண்டிகள் எழுந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சோதனை செய்வோம். சுமையைத் தூக்கிவைத்து எஞ்சினை அணையுங்கள். சிறிது நேரத்திலேயே கைகள் இறங்கினால் எண்ணெய் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடும்போது கைகள் தலையாட்டுவதுபோல் இறங்கி ஏறினாலும் அதே காரணம்தான். தூக்கும் சிலிண்டரின் பிஸ்டன் வளையங்களோ, ரப்பர் வளையங்களோ தேய்ந்திருக்கலாம். இதற்கு இருக்கைக்குக் கீழுள்ள கனமான மூடியைக் கழற்ற வேண்டும். அது இருவர் கையால் தூக்கும் பாரம் அல்ல. சங்கிலிக் கப்பியும் அனுபவமுள்ள பட்டறைக்காரரும் வேண்டும். திறந்த இடத்தில் மணலோ பஞ்சு நூலோ விழக்கூடாது. ஒரு சிறு தூசியே புதிய வளையத்தைக் கீறிவிடும்.

நேயர்களே, இனிச் சொல்வதை வீட்டில் எல்லாரும் கேட்க வேண்டும். உள்ளே எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு 2000 பவுண்டுக்கும் மேல் போகும். குழாயில் ஊசித் துளையளவு ஓட்டை இருந்தாலும், அங்கிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஆகவே கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். எட்ட நின்று ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்படி விரலில் பாய்ந்துவிட்டால், காயம் முள் குத்தியதுபோல்தான் தெரியும். முதலில் வலிகூட இராது. மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையே இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குச் சென்று, "அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தூக்கி நிற்கும் டிரெயிலருக்கோ கலப்பைக்கோ அடியில் யாரும் நுழையக்கூடாது. தேய்ந்த ஒரு வளையத்தை நம்பி உயிரை வைக்கலாமா? சுமையைத் தரையில் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். இறக்க முடியாவிட்டால் உறுதியான கட்டைகளை முட்டுக்கொடுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் தாய்மார்கள் தயங்காமல் அழைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியைச் சரிசெய்ய நாள் இருக்கிறது. இழந்த விரலுக்கு மாற்று உறுப்பு எந்தப் பட்டறையிலும் இல்லை. இதை நினைவில் வைப்போம்.