டே கேரில் அந்தக் குழந்தைக்கும் ஓர் இடம்

(பெங்களூரு ஈஜிபுராவில் நடந்த மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இதே ஈஜிபுராவில் ஒரு சிறிய டே கேரில் வாரம் மூன்று நாள் உதவிக்குப் போகிறேன். மொத்தம் 22 குழந்தைகள். கோரமங்கலாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களின் குழந்தைகளும் உண்டு, அந்த வீடுகளில் சமைக்கப் போகிற அம்மாக்களின் குழந்தைகளும் உண்டு. இவர்களில் மூவருக்கு விசேஷ கவனிப்பு தேவை. ஒரு பையனுக்கு ஆட்டிஸம், ஒரு பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம், இன்னொரு பையனுக்கு செரிப்ரல் பால்ஸி.

ஆட்டிஸம் உள்ள பையனின் பெற்றோர் எங்களிடம் வருவதற்கு முன் நான்கு இடங்கள் ஏறி இறங்கினார்கள். எங்கேயும் "முடியாது" என்று சொல்லவில்லை, "ஸீட் இல்லை" என்றார்கள். அம்மா நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தாள். குழந்தை அந்த ஒரு வருஷமும் டி.வி. முன்னால். அந்த வயதில் போன ஒரு வருஷத்தைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

நாங்கள் செய்தது ஒன்றும் பெரிய வைத்தியம் இல்லை. அந்தப் பையன் குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். சமையலறைக் கதவைச் சாத்தினோம், விசில் வருமுன் அவனிடம் சொன்னோம், பாதி அலறல் நின்றது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததுதான் அவனுக்குப் பயம். ஆகவே சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, அம்மா வருவது எல்லாவற்றையும் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டினோம். முடிந்ததை அவனே எடுத்து டப்பாவில் போடுவான். வேடிக்கை என்னவென்றால், மற்ற குழந்தைகளும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இப்போது கை அலம்பப் போகிறார்கள்!

செரிப்ரல் பால்ஸி உள்ள பையனுக்கு பிஸியோதெரபிஸ்ட் அளவு கொடுக்க, தெருமுனைத் தச்சர் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். பாதம் பலகையில் படிய வேண்டும், முதுகு நிமிர வேண்டும். மடியில் படுக்கவைத்துத் தலையை அண்ணாந்தபடி ஊட்டினால் புரையேறும், மூச்சுக் குழாயில் போகும். இதை ஆயாக்களுக்குச் செய்து காட்டியே சொல்லிக் கொடுத்தோம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு இதயம், காது, கண், தைராய்டு நான்கையும் டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். காது சரியாகக் கேட்காததை "மந்தம்" என்று சொல்லிவிடுகிறோம்.

இப்போது பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. "அவன் அப்பாவே மூணு வயசுக்கு அப்புறம்தான் பேசினான்" என்று சொல்லாத வீடு உண்டா? சில சமயம் அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வயது முடிந்தும் பெயர் சொன்னால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை, பிறகு குழந்தை மருத்துவர். இங்கே செயின்ட் ஜான்ஸும் நிமான்ஸும் கூப்பிடு தூரம். சென்னை அங்கத்தினர்களுக்கு 1985 முதல் நடக்கும் வித்யாசாகர், கோட்டூர்புரத்தில் இருக்கிறது.

இந்த ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று. வீட்டில் தமிழ், டே கேரில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ். "குழந்தை குழம்பிவிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொல்ல, தாத்தா பாட்டி வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டு பாஷை கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஆட்டிஸம் உள்ள குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. தமிழிலேயே பேசுங்கள். கதை சொல்ல ஆள் இருக்கும் வீட்டில் அதை நிறுத்துவது எனக்குப் பாவமாகப் படுகிறது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. உதவி அதிகம் பலிக்கும் ஆறு வயதுக்கு முந்தைய காலத்துக்கு அத்தனை பலம் இல்லை. 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கு மத்திய அரசு வழிமுறை ஒன்றை வெளியிட்டது: அறிகுறிகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, மற்றவர்களோடு சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணை நிற்பது, ஆஷா ஊழியர் மூலம் மருத்துவரிடம் அனுப்புவது. தனியார் டே கேர்களும் இதையே பின்பற்றலாமே, யார் தடுக்கிறார்கள்? தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு தருகிறது. அதற்கு ஊனச் சான்றிதழ் வேண்டும். "பேப்பரில் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று பயந்து அதை வாங்காமலே இருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சமஷ்டி உபநயனத்துக்கும் நவராத்திரி கொலுவுக்கும் இந்தக் குடும்பங்கள் வருவதில்லை; எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். மண்டபத்தில் மைக் சத்தம் எட்டாத ஓர் அறையை, ஒரு பாயும் நாலு பொம்மையுமாக ஒதுக்கித் தாருங்கள். அழைப்பிதழில் அதை ஒரு வரி போடுங்கள்.

நான் சொன்ன படக் கார்டுகள் ஒரு செட் வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் காபி சாப்பிடும்போது பார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். செட்டை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள், நாளைக்குக் குழந்தைகளுக்கு வேண்டும்.