கடைசி நாளும் அமானிதமும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மஹல்லாக்களில் பல உண்டு. கோடை விடுமுறையில் போய்ப் பார்த்து வருகிறோம். உறவைச் சேர்த்து வாழ்வது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அப்படிப்பட்ட பயணத்தின் கடைசி நாளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

நாங்கள் பினாங்கில் குப்பி வீட்டில் பத்து நாட்கள் தங்கினோம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதோம், ஊரெல்லாம் சுற்றினோம். இரவு விமானம். கடைசி நாள் காலை முழுவதும் கோடாலித் தைலம், ஜாதிக்காய், பிஸ்கட் டின் என்று பெட்டிகளை நிறுத்துப் பார்ப்பதிலேயே போயிற்று.

லுஹருக்குப் பின் ஒருவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "தி.நகர்ல என் தங்கச்சி வீட்ல குடுத்தாப் போதும், வெறும் சோப்பும் சாக்லேட்டும்தான்" என்றார். பிரித்துக் காட்டச் சொன்னோம், தயங்கினார். வாங்க மறுத்துவிட்டோம். அவருக்கு வருத்தம், எங்களுக்கும் சங்கடம். அதில் தவறான பொருள் இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. என்ன இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பொறுப்பேற்பது?

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி, வணிக அளவில் பொருள் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு சிறை. 20 ஆண்டு வரையும் போகலாம். "எனக்குத் தெரியாது" என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பொருளோடு பிடிபட்டவர் மீதே விழும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. நகையும் அப்படித்தான். வரியின்றி நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கே உண்டு. பத்து நாள் விருந்தாளியின் கையில் "போட்டுக்கிட்டுப் போங்க" என்று பிறர் வளையல் மாட்டிவிட்டால், சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த விருந்தாளிதான்.

அஸர் தொழுதபின் குப்பி எங்களை அருகில் உட்காரச் சொன்னார்கள். "பொழுது சாஞ்சா கிளம்பிருவீங்க. பத்து நாளா இதைச் சொல்லணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன், வீடு அடங்கவே இல்லை" என்றார்கள்.

1978இல் மாமா சென்னையிலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில் புறப்பட்டபோது, டிக்கெட்டுக்குக் குறைந்த 300 ரூபாயை மயிலாப்பூர் நண்பர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுக்காமலேயே மவுத்தாகிவிட்டார். குப்பி ஓர் உறையில் 300 ரிங்கிட் வைத்திருந்தார்கள். "கடன் முந்நூறு ரூபாய்தான். மிச்சம் நானா மனசாரக் குடுக்கறது" என்றார்கள். கடனைத் தீர்க்கும்போது, முன்பே நிபந்தனை பேசாமல், விரும்பிக் கூடுதலாகத் தருவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிதான்.

அந்த உறையைப் பிரித்து எண்ணினோம். தொகை, யாருக்கு, எதற்கு என்று எழுதினோம், குப்பி கையெழுத்திட்டார்கள். அவர்கள் மகனே சாட்சி. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதானே!

பயணம் புறப்படுபவரை நபி (ஸல்) அவர்கள் வழியனுப்பும் துஆவில் அவரது மார்க்கம், அமானிதம், செயல்களின் முடிவு ஆகிய மூன்றும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கப்படுகின்றன. வாசலில் குப்பி அதை ஓதியபோது, நடுவில் வந்த அமானிதம் என்ற சொல் அன்றுதான் எங்கள் காதில் விழுந்தது.

சென்னை வந்ததும் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதோம். அந்த நண்பரும் மவுத்தாகியிருந்தார். மந்தைவெளியில் அவர் மகனைக் கண்டுபிடித்து, வாரிசுகள் எல்லோருக்கும் உரியது என்று சொல்லி உறையைக் கொடுத்தோம். அவருக்கு அந்தக் கடனே தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க மாமாவுக்காக துஆ செய்றோம்" என்றார். அன்றிரவே குப்பிக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கடைகளை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். பிரித்துப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். கடைசி நாளின் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் வீட்டின் மூத்தவர் அருகே சும்மா உட்காருங்கள். அவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.