கரண்ட் நின்றால் எதெல்லாம் நிற்கும்?

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டிகள் வறண்டன. பேட்டரி தீர்ந்ததும் செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. தாழ்வான இடத்தில் இருந்த ஜெனரேட்டர்களும் மூழ்கின. மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலில் காற்றுதான் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. ஆனால் நாம் பட்ட பாடு அதேதான்: கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் இல்லை.

ஆகவே, ஒன்று நின்றால் அடுத்து எது நிற்கும் என்று இப்போதே பார்த்து வைக்க வேண்டும்.

நம் பள்ளிவாசல் ஜெனரேட்டரும் தரையில்தான் இருக்கிறது. அதை மேடை கட்டி உயர்த்துவோம். கைப்பம்பு ஒன்று போடுவோம். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்போர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், தனியே வாழும் முதியோர் ஆகியோரின் விவரத்தை, எந்தச் சமயத்தவராயினும், தெருவாரியாகத் தாளில் எழுதி வைப்போம். போன் ஓய்ந்த நாளில் அவர்கள் கதவைத் தட்டத் தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் வேண்டும். இன்றே பெயர் கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.