கரையில் சிதைந்த ‘பிஸார்’



மைசூரில் வாழும் நாம் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஐதர் அலியின் கல்லறையைக் காணும்போது, குதிரைப் படையையும் கோட்டைகளையும் நினைக்கிறோமேயன்றிக் கடலை நினைப்பதில்லை. ஆயினும், அவரது இறுதிப் போரின் போக்கை நிர்ணயித்தவற்றுள் கடலும் ஒன்று. அதற்குச் சான்றாக ஒரு கப்பலின் கதையை இன்று காண்போம்.

கப்பலின் பெயர் ‘பிஸார்’. பிரெஞ்சு மொழியில் விசித்திரம் என்பது அதன் பொருள். 64 பீரங்கிகள் தாங்கிய இப்போர்க்கப்பல் 1751-ஆம் ஆண்டு பிரெஸ்ட் துறையில் நீரில் இறக்கப்பட்டது. 1759-இல், பிரெஞ்சுக் கடற்படை பெருந்தோல்வியுற்ற கிபரான் விரிகுடாப் போரிலும் அது அழியாது தப்பியது.

1782-இல், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஐதருக்குத் துணையாகக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் சோழமண்டலக் கரைக்கு வந்தார். அவருடைய அணியில் ‘பிஸார்’ கப்பலும் இருந்தது. சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கீழ்க்கரை, நாகப்பட்டினம், திருகோணமலை ஆகியவற்றை அடுத்த கடலில் ஏழே மாதங்களில் நான்கு போர்கள் நிகழ்ந்தன. நான்கிலும் அது பங்கு கொண்டது. எதிரியின் குண்டுகள் அதனை மூழ்கடிக்கவில்லை.

செப்டம்பரில் திருகோணமலைத் துறையின் வாயிலில், 74 பீரங்கிகள் கொண்ட ‘ஓரியான்’ கப்பல் தரைதட்டி அழிந்தது. அக்டோபர் 4-ஆம் நாள் சுஃப்ரேன் கடலூரை அடைந்தார். அங்கே கப்பல்கள் ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டும். அவ்விடத்தில், கப்பலைச் செலுத்துவதில் நேர்ந்த பிழையால் ‘பிஸார்’ கரையில் மோதிச் சிதைந்தது. ஒரு மாத காலத்திற்குள் இரண்டு பெருங்கப்பல்கள், போரினாலன்றித் தரைதட்டியே அழிந்தன. அவற்றுக்கு ஈடாகப் புதிய கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து சேரப் பல மாதங்கள் ஆகும்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமும் நெருங்கியது. அக்காலத்தில் இக்கரையில் கப்பல்கள் தங்குதல் ஆபத்து. ஆகவே, அக்டோபர் நடுவில் சுஃப்ரேன் சுமத்திராவின் அச்சே துறைக்குச் சென்றார். டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூர் அருகே பாசறையில் ஐதர் உயிர் நீத்தபோது, நட்புக் கப்பல்கள் கடலுக்கு அப்பால் இருந்தன.

படைவலி ஐதரிடம் இருந்தது. கடற்போர்த் திறன் சுஃப்ரேனிடம் இருந்தது. அவ்விரண்டையும் ஆண்டு முழுவதும் இணைத்து வைக்கத்தக்க பாதுகாப்பான துறைமுகம் ஒன்று இக்கரையில் இல்லை. அக்குறை எத்துணைப் பெரிது என்பதைக் கடலூர்க் கரையில் சிதைந்த ‘பிஸார்’ நமக்கு உணர்த்துகிறது.