குப்பையும் கணக்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "உங்க பேச்சைக் கேட்டு யூரியாவை நிறுத்தினேன். மக்காச்சோளம் மஞ்சளாப் போச்சு. வாங்கின உள்கடனை யாரு கட்டுறது?" அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. மறுநாளே அவங்க காட்டுக்குப் போனோம்.

அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகி இருந்தன. அது தழைச்சத்துக் குறைவு. மண்ணைக் கிளறிப் பார்த்தால் வைக்கோல் அப்படியே கிடக்கிறது. மக்காத குப்பை! அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிருக்கு மிச்சம் இருக்காது.

அடுத்தது அளவு. அக்கா அந்த ஒரு ஏக்கருக்குப் போட்டது ரெண்டு டன்கூட தேறாது. ஒரு டன் தொழு உரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்துதான் இருக்கும். ரெண்டு டன்னில் 10 கிலோ, அதாவது அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். அதுவும் முதல் வருஷமே முழுசாகக் கிடைக்காது. பாசனத்தில் வளர்க்கிற வீரிய ரக மக்காச்சோளத்துக்கோ ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் "குப்பை போதும், யூரியா வேண்டாம்" என்று ஊர் ஊராகப் பேசியது நாங்கள்தான். தவறு எங்களுடையது.

அப்படியானால் குப்பை வேண்டாமா? வேணும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய எருவைக் கடைசி உழவில் போடணும் என்பதும் அதே பரிந்துரைதான். எரு போட்ட மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். துத்தநாகம் மாதிரி சின்னச் சின்னச் சத்துகளும் அதில் கொஞ்சம் உண்டு. முதல் வருஷம் கிடைக்காத சத்து அடுத்தடுத்த வருஷம் கிடைக்கும். யூரியாவை ஒரே வருஷத்தில் நிறுத்தாமல், மண் பரிசோதனை பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம். மேலுரத்தை 25-ஆம் நாளும் 45-ஆம் நாளும் பிரித்துக் கொடுங்க.

5 டன்னுக்கு எங்கே போறது, ரெண்டு மாடுதானே இருக்கு என்று கேட்பீங்க. கதிர் ஒடித்த பிறகு தட்டையைக் கொளுத்துகிறோமே, அதைச் சொல்லுங்க! தீயில் தழைச்சத்து புகையாகப் போய்விடும். வெயிலில் கிடக்கும் சாணிக் குவியலும் அப்படித்தான். மூக்கைத் துளைக்கிற அந்த நெடியே தழைச்சத்து பறக்கிறதுதான். தினமும் விடிகாலையில் சாணி அள்ளுறது யாரு? நாமதானே. அள்ளினதைப் பறக்க விடலாமா?

தட்டையை விரல் நீளத்துக்கு வெட்டுங்க. முழுசாகப் போட்டால் மக்காது. மர நிழலில் ஒரு சாண் உயரத்துக்குத் தட்டை, அதன்மேல் சாணிக் கரைசல், கொஞ்சம் பழைய எரு, மறுபடி தட்டை என்று இடுப்பளவு அடுக்குங்க. மாட்டு மூத்திரம் கிடைத்தால் ஊற்றுங்க, ரொம்ப நல்லது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையணும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூணு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்க. சுமார் நாலு மாதத்தில் கறுத்து, சூடு ஆறி, மழை பெய்த மண் வாசம் வரும். தட்டை தட்டையாகத் தெரிந்தால் இன்னும் மக்கவில்லை. அதைக் காட்டுக்குக் கொண்டு போகாதீங்க. மாசியில் அடுக்கினால் புரட்டாசி விதைப்புக்குள் தயாராகிவிடும்.

அக்கா காட்டுக்கு மேலுரம் கொடுத்தோம். புது இலைகள் பச்சையாக வருகின்றன, ஆனால் போன விளைச்சல் முழுசாகத் திரும்பாது. தவணையைத் தள்ளிவைக்க அவங்க குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த அறுவடை முடிந்ததும் முதல் குவியலை அவங்க கிணத்து மேட்டிலேயே போடுகிறோம். தட்டை வெட்ட நாங்களும் வருகிறோம். அரிவாள் மட்டும் நீங்க கொண்டு வாங்க, எங்ககிட்ட இருக்கிறது ரெண்டுதான்.