குட்டியை எத்தனையாவது நாளில் பிரிக்கலாம்? வெண்பன்றி வளர்ப்போருக்கு ஒரு கணக்கு

(காங்கேயத்தில் கால்நடை வளர்ப்போரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



காளைக்குப் பேர்போன காங்கேயத்தில் வந்து பன்றியைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்கு. கொப்பரைக் களமும் அரிசி ஆலையும் நிறைந்த ஊர் இது. தவிடு, குருணை, தேங்காய்ப் புண்ணாக்கு எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். வெண்பன்றிப் பண்ணை போட நினைக்கிறவங்க முதலில் கேட்பது மானியம் எவ்வளவு என்பதுதான். அதைக் கடைசியில் சொல்றேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குட்டியை எத்தனையாவது நாளில் பால் மறக்கடிப்பது?

நம்ம பக்கம் பழைய வழக்கம் 8 வாரம், அதாவது 56 நாள். தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்னு ஞாபகம் வச்சுக்கலாம். குட்டிகளைப் பிரித்த ஒரு வாரத்துக்குள் தாய் பெரும்பாலும் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். 114, 56, 7 கூட்டினால் 177 நாள். இரண்டு வருஷத்தில் நாலு ஈத்துதான். 42 நாளில் பிரித்தால் நாலரை, 28 நாளில் பிரித்தால் கிட்டத்தட்ட ஐந்து.

அப்போ 28 நாளே நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் கைப்பணம் போகும்.

சிறு குட்டியின் குடல் பாலைச் செரிக்கவே தயாராக இருக்கும். மாவுச்சத்தையும் தாவரப் புரதத்தையும் செரிக்கும் திறன் மெதுவாகத்தான் வளரும். சீம்பாலில் கிடைத்த நோய் எதிர்ப்பு, மூன்று நான்கு வாரத்தில் குறைந்துவிடும். குட்டியின் சொந்த எதிர்ப்பு அப்போது முழுசாக வந்திருக்காது. அந்த இடைவெளியில் தாயையும் பாலையும் ஒரே நாளில் நிறுத்தினால், தீனி எடுக்காமல் நிற்கும், கழிச்சல் வரும், எடை ஏறாது. சிலது செத்தும் போகும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பிரிக்கும் வயதை 12 நாளிலிருந்து 21 நாளாக உயர்த்தியபோது வளர்ச்சி கூடியது, இறப்பு குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே பொதுவாக 28 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது என்கிறது. சுத்தம் செய்த தனிக் கொட்டகை இருந்தால் மட்டும் 21 நாள் வரை விலக்கு உண்டு. அங்கே சூடேற்றிய கொட்டகையும் பால்பொடி கலந்த குட்டித் தீவனமும் உண்டு. நம்மிடம் அது இல்லாதபோது 28-ஐ எட்டிப் பிடிக்க வேண்டாம். என் பார்வையில் 42 நாள்தான் நம்ம சிறு பண்ணைக்குப் பொருத்தம்.

ஆனா அந்த 42-வது நாளுக்கான வேலை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கணும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. 3-வது நாள் வாக்கில் கால்நடை மருத்துவரிடம் இரும்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து, தாய் நுழைய முடியாத சின்ன அடைப்பில், குட்டித் தீவனத்தைக் கைப்பிடி அளவு வையுங்க. மிச்சத்தை தினமும் மாத்திடுங்க. தீவனத்தைத் தானாகத் தின்னும் குட்டிதான் பிரிவைத் தாங்கும். புதிதாகப் பிரித்த குட்டிக்கு ஓட்டல், விடுதி மிச்ச உணவு ஆகவே ஆகாது.

பிரிக்கும் நாளில் தாயை வெளியே கொண்டுபோங்க. குட்டிகள் பழகிய கொட்டகையிலேயே இருக்கட்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, இடமாற்றம் எல்லாவற்றையும் அதே நாளில் சேர்க்காதீங்க. பெரிய குட்டிகளை முதலில் பிரித்து, மெலிந்ததை இன்னும் சில நாள் தாயோடு விடலாம். வாரம் ஒரு தடவை எடை போட்டு போனிலேயே குறிச்சு வைங்க. எடை நின்ற வாரம் எதுவென்று அதுவே காட்டிக் கொடுக்கும்.

இனி மானியம். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 தாய்ப்பன்றி, 10 கிடா கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு மூலதனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய். உத்யமிமித்ரா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருப்பூரிலேயே இருக்கு; காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சியும் நடக்குது. பண்ணை போடும் முன் பயிற்சியைப் பற்றி அங்கே விசாரியுங்க. குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடாமல் 1962-க்கு அழையுங்க, கட்டணம் கிடையாதுங்க.