கையை விடலாமா?



தெருவில் இறங்கியதும் பிள்ளையிடம் நாம் சொல்கிற முதல் சொல், "கையை விடாதே!" பூங்கா வாசலைத் தாண்டியதும் நம் பிடி தானாகத் தளர்ந்துவிடும். பிள்ளை ஓடும். பூங்காவுக்கு நான் அறிந்த இலக்கணம் இவ்வளவுதான்.

1870-இல் உருவான பெங்களூர் கப்பன் பூங்காவுக்கு நடுவே சாலைகள் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்தத் தார்ச்சாலையில் ஒரு பொடியன் சைக்கிள் பழகுவான்; பின்னாலேயே சீட்டைப் பிடித்தபடி அப்பா மூச்சிரைக்க ஓடிவருவார். மற்ற நாளில் அதே இடத்தில் ஹாரன் சத்தம். அப்படிப் போகிற வண்டிகளில் பல, மரங்களைப் பார்க்க வந்தவை அல்ல. மறுபக்கம் போகக் குறுக்குவழி தேடி வந்தவை.

குறுக்கே போகிறவர்களை என்னதான் செய்வது? நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை 1858-இல் திட்டமிட்ட ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் இதை அப்போதே யோசித்தார்கள். குதிரை வண்டிக் காலம் அது! குறுக்குச் சாலைகள் நான்கையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டார்கள். கீழே ஊர் தன் அவசரத்தில் போகும். மேலே நடப்பவர் கண்ணில் அது படாது.

ஆனால் உலாவுவதற்கென்று போட்ட உட்சாலைகள் இருந்தனவே, அங்கே 1899-இல் கார் நுழைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்து, அதை முழுக்க வெளியேற்ற 2018 ஜூன் ஆகிவிட்டது. நுழைவதற்கு ஒரு நாள் போதும். வெளியேற்ற நூறு ஆண்டுக்கும் மேல்!

"முட்டிவலியோடு வருகிற பாட்டி என்ன செய்வார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாசலை ஒட்டி அவர் இறங்க இடம், உள்ளே மெல்லப் போகும் பேட்டரி வண்டி, சக்கர நாற்காலி தடுக்காத பாதை — இவை சலுகை அல்ல, அவருடைய உரிமை. ஆனால் பாட்டியின் பெயரைச் சொல்லி, ஐந்து நிமிடம் மிச்சம்பிடிக்க நினைப்பவரும் காரோடு உள்ளே வரக்கூடாது.

பூங்காவுக்கு வருகிறவருக்கு வழிவிடுவோம். பூங்கா வழியாகப் போகிறவர் சுற்றிப் போகட்டும். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பேரன் கையை உதறிவிட்டு ஓடட்டும்.